குண்டு மிஷினை நிறுத்தும் நேரம்

தையல்நாயகி தன் மூத்தாரோடு பதினோரு வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. புருஷனுடைய அண்ணன் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பதும், பேரைச் சொல்லாததும், முகம் பார்த்துப் பேசாததும் அந்தக் குடும்பத்தில் மரியாதை. வீட்டுக்குள் இதைச் சமாளித்துவிடலாம். "சோறு ஆயிடுச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்று அவருடைய பிள்ளைகளிடம் சொன்னால் போயிற்று. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் சுவரிடம் சொல்லலாம், சுவர் கோள்மூட்டாது. ஆனால் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில், ஒருவர் அரைத்துக் கொடுப்பதை இன்னொருவர் வாங்கிப் பிரிக்கிற வேலையில் இருந்தால் அந்த மரியாதை என்ன பாடு படும் என்று யோசித்துப் பாருங்கள்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட கிராபைட் கம்பெனி அது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து லாரியில் கல் வரும். கல்லுக்குள் கிராபைட் கறுப்பாக, மெல்லிய செதில் செதிலாகப் படிந்திருக்கும். கல்லை உடைத்து, இரும்புக் குண்டுகள் போட்ட பெரிய பீப்பாயில் தண்ணீரோடு கொட்டிச் சுற்றவிட்டு அரைப்பார்கள். அதற்குக் குண்டு மிஷின் என்று பெயர். அதை ஓட்டுகிறவர்தான் மூத்தார் ராஜாங்கம். அரைத்த குழம்பு அங்கிருந்து நுரைத் தொட்டிக்கு வரும். கொஞ்சம் மண்ணெண்ணெயும் சொட்டுச் சொட்டாகப் பைன் ஆயிலும் விட்டு, அடியில் காற்றைக் கொடுத்துக் கலக்கினால் நுரை பொங்கும். கிராபைட்டுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. குமிழி கிடைத்தால் போதும், ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். வெறும் கல் தண்ணீரோடு தங்கிக் கழிவு வாய்க்காலில் போய்விடும். அந்த நுரையைப் பலகையால் வழித்தெடுப்பது தையல்நாயகியின் வேலை.

அந்த வேலை அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. அவள் புருஷன் கோவிந்தராசு மில்லில் பஞ்சுத் தூசி தின்று நெஞ்சு கெட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்தபோது, ராஜாங்கம்தான் மேனேஜரிடம் சொல்லி அவளைக் களத்தில் கிராபைட் காயவைக்கச் சேர்த்துவிட்டார். தொட்டி ஆள் துபாய்க்குப் போனபோது, வேறு ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள் என்று அவளை நிறுத்தினார்கள். வேறு ஆள் கிடைக்கவும் இல்லை, அவள் கையில் தொட்டி ஒழுங்காக ஓடியதால் யாரும் தேடவும் இல்லை. 1983-இல் அவள் தொட்டிக்கு வந்து இரண்டு வருஷம் முடிந்திருந்தது. அந்தத் தொழிற்பேட்டையில் மிஷின் பொறுப்பில் இருந்த ஒரே பெண்பிள்ளை அவள்தான். அந்தப் பெருமை அவளுக்கு இருந்தது, மறைத்துக்கொண்டும் திரியவில்லை.

இரண்டு பேருக்கும் நடுவே பக்கிரி இருந்தான். நாற்பது வயசு ஆள், குழம்பு வாளி சுமப்பவன். "இன்னிக்கி கல்லு கெட்டியா இருக்குதாம், கேட்டுக்க" என்று ராஜாங்கம் பக்கிரியைப் பார்த்துச் சொல்வார். பத்தடி தூரத்தில் தையல்நாயகி எல்லாம் கேட்டபடி நிற்பாள். "சரின்னு சொல்லு" என்று அவளும் பக்கிரியிடம் சொல்வாள். பக்கிரி இரண்டு பக்கமும் தலையாட்டுவான். இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஆடி பிறந்ததிலிருந்து வண்டி ஓடவில்லை. கல்லில் கிராபைட் நூறு பங்கு இருந்தால் எண்பத்திரண்டு பங்கு நுரையில் ஏறிக்கொண்டிருந்த இடத்தில், இப்போது அறுபது ஏறுவதே பெரும்பாடாகிவிட்டது. தையல்நாயகி எண்ணெயைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். காற்றை மாற்றிப் பார்த்தாள். முன்னெல்லாம் நுரை மீன் செதில்போல் மினுமினுப்பாக வரும், வழித்ததும் உடைந்துவிடும். இப்போது சேறு மாதிரி மங்கலாக எழும்பி, உடையாமல் அப்பிக்கொண்டு நின்றது. காயவைத்தால் அதில் கல்மாவு கலந்திருந்தது. வர வேண்டியது வரவில்லை, வரக்கூடாதது வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் மேனேஜர் காசிலிங்கம் லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் நேரே தொட்டிக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். அவசரக்காரர்கள் கையில் அதிகாரம் இருந்தால் கெட்டவர்களைவிட மோசம்.

"தையலு, சனிக்கிழம வரைக்கும் பாக்கறேன். கடலூர்லேர்ந்து சுப்ரமணின்னு ஒரு ஆளு வர்றாரு. ஐடிஐ படிச்சவரு. நீ அதோட நின்னுக்க."

"களத்துக்குப் போறேன் சார்."

"களத்துல ஆளு ஜாஸ்தி. எடமில்ல."

அவர் போய்விட்டார். புருஷனுடைய மருந்துச் செலவு முழுக்கத் தையல்நாயகி ஒருத்தியின் சம்பளத்தில்தான். ஆனால் பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. இரண்டு வருஷம் ஒழுங்காக வந்த கை ஒன்றரை மாசத்தில் எப்படி முட்டாள் கையாகிவிடும்? தப்பு எங்கே என்று கண்டுபிடிக்காமல் இந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மத்தியானச் சோற்றுக்கு எல்லாரும் போன பிறகு கழிவு வாய்க்காலில் இறங்கினாள். அடியில் படிந்த சேற்றை அள்ளி விரலுக்கிடையில் தேய்த்தாள். நறநறவென்று இருக்க வேண்டியது கண்மை போல வழுவழுத்தது. விரல் பளபளவென்று கறுத்தது. ஆக, வர வேண்டிய கிராபைட் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. ஏன் போகிறது?

காசிலிங்கத்தின் பீரோவில் மூன்று பித்தளைச் சல்லடைகள் இருந்தன. அறுபது, நூறு, இருநூறு என்று நம்பர் பொறித்தவை. நம்பர் ஏற ஏறக் கண் சின்னதாகும். வாங்க வருகிறவர்களிடம் காட்டுவதற்கு மட்டும் வெளியே எடுப்பார்கள். அவற்றைக் கேட்டு வாங்கினாள். "ஒடச்சிடாத" என்று சொல்லித்தான் கொடுத்தார். புதன்கிழமை முழுக்க வேலைக்கு நடுவே நடுவே கழிவை அலசி, சல்லடையில் விட்டுப் பார்த்தாள். அறுபதில் நின்றது ஒன்றுமில்லை. நூறில் நின்றது துளி, அதுவும் வெறும் கல். கிட்டத்தட்ட எல்லாமே இருநூறிலும் நிற்காமல் கறுப்புத் தண்ணீராக ஓடியது.

அவளுக்கு விளங்கிவிட்டது. தொட்டியில் குறையில்லை. குறை மாவில். கிராபைட்டைக் குமிழி தூக்க முடியாத அளவுக்கு நைசாக அரைத்திருக்கிறார்கள். அரைத்தவர் யார்? அங்கேதான் தொண்டையில் முள்.

ராஜாங்கம் வேண்டுமென்று செய்தவர் இல்லை. ஆனியில் ஒரு வியாபாரியிடமிருந்து கிராபைட்டில் மணல் இருக்கிறது என்று கடிதம் வந்தது. காசிலிங்கம் போய், "இன்னும் கொஞ்சம் நைசா அரைங்க" என்றார். அந்தக் 'கொஞ்சம்' ராஜாங்கத்தின் காதில் ஏறவில்லை. அவர் மில்லில் பத்தொன்பது வருஷம் நூற்பில் இருந்தவர். அங்கே இருபதாம் நம்பர் நூலைவிட நாற்பது ஒசத்தி, நாற்பதைவிட எண்பது ஒசத்தி. நம்பர் ஏறினால் நூல் மெல்லிசு, மெல்லிசு என்றால் ஓட்டுகிறவனுக்குப் பேர். வியாபாரிகளுக்குக் காட்ட எடுத்த சல்லடையில் நம்பரைப் பார்த்ததும் அவருக்கு அந்தப் பழைய ரத்தம் சூடேறிவிட்டது. எல்லாம் இருநூறில் இறங்க வேண்டும் என்று இரண்டு மணி நேரம் ஓட்டிய மிஷினை நாலு மணி நேரம் ஓட்டினார். அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தார் மனிதர், அதுவும் பெருமையோடு.

"பக்கிரி, மாவு ரொம்ப நைசாப் போச்சுன்னு அங்க சொல்லு" என்றாள்.

கழுவுற மீனில் நழுவுற மீன் பக்கிரி. "எனக்கு எதுக்கும்மா வம்பு? அவரு இரும்புக் குண்டோட நிக்கிறாரு" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

காசிலிங்கத்திடமே போனாள். சாயங்காலம், அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"சார், வண்டியில போறப்ப மூஞ்சியில வண்டு அடிக்குமே, பொக அடிக்குமா?"

"என்னம்மா கேள்வி இது?"

"பொக அப்படியே ஒங்க மூஞ்சியச் சுத்திகிட்டுப் போயிடும். வண்டுக்கு வளையத் தெரியாது, வந்து மோதும். தொட்டியிலயும் அப்படித்தான் சார். குமிழி மேல வர்றப்ப தண்ணி ரெண்டு பக்கமும் வெலகுது. மாவு பொகையாட்டம் இருந்தா தண்ணியோட வெலகிப் போயிடுது. செதிலா இருந்தாத்தான் குமிழியில மோதும், ஒட்டும். நானு எவ்ளோ ஆயில் ஊத்தினாலும் மோதாதது எப்டி சார் ஒட்டும்?"

காசிலிங்கம் எஞ்சினை நிறுத்தினார். நெற்றியைச் சொறிந்தார். கொஞ்சம் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் செய்ததெல்லாம், போகிற போக்கில் ராஜாங்கத்திடம், "ஒங்க அரவைதான் கெட்டுப்போச்சுன்னு தொட்டியில சொல்றாங்க, நாளைக்குக் கொஞ்சம் கொரச்சு அரைங்க" என்று வீசிவிட்டுப் போனதுதான்.

அது போதாதா? வியாழக்கிழமை காலையில் ராஜாங்கம் மிஷின் பக்கம் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி பக்கிரியிடம் சொன்னார்: "பத்தொம்பது வருஷம் மில்லுல இருந்தவனுக்கு இப்பப் பொம்பள தொழில் சொல்லித் தர்றா. கொரைக்கணுமாமே, கொரச்சுடறேன் பாரு." சரியாக ஒரு மணி நேரத்தில் மிஷினை நிறுத்திக் குழம்பைத் திறந்துவிட்டார்.

தொட்டி திணறியது. அடியில் மணல் கட்டி, கலக்குகிற தண்டு முனகியது. நுரை அழகாகத்தான் வந்தது, ஆனால் கல்லிலிருந்த கிராபைட்டில் பாதிகூட அதில் ஏறவில்லை. அன்றைக்கு நாற்பத்தைந்து. காசிலிங்கம் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். "சொன்னபடி செஞ்சாச்சு பக்கிரி. இனிமே நம்ம மேல தப்பில்ல" என்றார் ராஜாங்கம்.

தையல்நாயகிக்கு அழுகை வந்தது. அழுதாள். அழுதபடியே தொட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நுரையின் ஓரத்தில் ஒரு பெரிய குமிழி, மணிலாக்கொட்டைப் பருப்பின் மேல்தோல் துணுக்கு அளவு செதிலைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. செதிலின் முதுகில் ஒரு கல்துண்டு ஒட்டியிருந்தது. பாதி வழியில் செதில் ஆடியது, பிறகு கழன்று விழுந்தது. இன்னொன்றும் அப்படியே. கல்லைவிட்டுப் பிரியாத செதிலைக் குமிழி பாரம் தாங்காமல் போட்டுவிடுகிறது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாவு ரொம்ப நைசாக இருந்தால் மோதாது, ரொம்ப மொத்தமாக இருந்தால் நிற்காது. நடுவில் ஒரு அளவு இருக்கிறது. அதை எட்டுகிற இடத்தில் மிஷினை நிறுத்த வேண்டும். கடிகாரம் பார்த்து நிறுத்த முடியாது, ஏனென்றால் ஒரு லாரிக் கல் போல் இன்னொரு லாரிக் கல் இருப்பதில்லை. மிஷினின் சத்தத்தை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடியவர் அந்தக் கம்பெனியில் ஒரே ஒருவர்தான். அவரோடு அவள் பேசுவதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது, நெல்லித்தோப்புச் சந்துக்குள் நுழைகிறபோதே கோவிந்தராசுவின் இருமல் கேட்டது. நடந்ததைச் சொன்னாள். அவன் மூச்சு வாங்கியபடி சிரித்தான்.

"மில்லுல அண்ணனே எங்கள இதுக்குத் திட்டுவாரு. பஞ்ச மிஷின்ல போட்டு அடிச்சுத்தான் குப்பையப் பிரிக்கணும். கம்மியா அடிச்சா குப்ப தங்கும். ரொம்ப அடிச்சா இழ ஒடஞ்சு தூசியாப் பறந்துடும், நூலுக்கு ஆவாது. 'அடிச்சுப் பிரிங்கடா, கொன்னுடாதீங்க'ன்னு கத்துவாரு."

"அந்தத் தூசி எங்க போவும்?"

"எங்க போவும்? இங்கதான்" என்று நெஞ்சைத் தட்டினான். தட்டியதில் மறுபடி இருமல் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ராஜாங்கம் மிஷினில் கல்லைப் போட்டு ஓடவிட்டிருந்தார். தையல்நாயகி தொட்டியை விட்டு இறங்கி, பக்கிரியைத் தாண்டி நடந்து, அவருக்கு எதிரே போய் நின்றாள். ஒதுங்கி இல்லை, எதிரே. பக்கிரி வாளியைக் கீழே வைத்துவிட்டான்.

"மாமா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

ராஜாங்கத்தின் முகம் வெளுத்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "பக்கிரி, அந்தம்மாவப் போவச் சொல்லு."

"பக்கிரி போவட்டும் மாமா. நான் ஒங்ககிட்டதான் கேக்கறேன். நாளைக்கு என்ன அனுப்பிடுவாங்க. போறதுக்கு முன்னால கேட்டுட்டுப் போறேன். பஞ்ச அடிச்சுப் பிரிங்க, கொன்னுடாதீங்கன்னு சொன்னது நீங்கதான?"

அவர் திரும்பவில்லை. ஆனால் தோள் அசைந்தது.

"இதுவும் அதேதான் மாமா. செதில கல்லுலேர்ந்து பிரிச்சாப் போதும். நீங்க அதக் கொன்னுட்டீங்க. நேத்து பிரிக்காமயே வுட்டுட்டீங்க. ஒடஞ்ச இழ எங்க போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும். ஒங்க தம்பி நெஞ்சுல இருக்குது. ஒடஞ்ச செதிலு சாக்கடையில போவுது. அதுக்காக நான் வீட்டுக்குப் போவணுமா? நான் போனா அந்த நெஞ்சுக்கு மருந்து யாரு வாங்கறது?"

பதினோரு வருஷத்து மரியாதையை ஒரு நிமிஷத்தில் உடைத்தாயிற்று. மிஷின் மட்டும் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது. ராஜாங்கம் போய் சுவிட்சை அணைத்தார். மூடியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஓடி நாற்பது நிமிஷம்தான் ஆகியிருந்தது. குழம்பை நூறாம் நம்பர் சல்லடையில் விட்டார்கள். கீழே இறங்கியது தொட்டிக்குப் போனது. மேலே நின்றது மறுபடி மிஷினுக்குப் போனது. அரைந்தது மறுபடி அரைபடாமல் தப்பித்தது, அரையாதது மட்டும் திரும்ப அடி வாங்கியது. மூடியைக் கழற்றி மாட்டுவது சின்ன வேலை இல்லை. பன்னிரண்டு திருகு. ராஜாங்கம் அன்றைக்கு நாலு தடவை கழற்றி நாலு தடவை மாட்டினார். ஒவ்வொரு தடவையும் மிஷினுக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்துக் கேட்டார். குண்டுகளின் கடகடப்பு அடங்கி மந்தமாகிற நேரத்தில் நிறுத்தினார். தையல்நாயகி விரலால் தேய்த்துப் பார்த்துத் தலையசைத்தாள், அல்லது உதட்டைப் பிதுக்கினாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை, ஆனால் தலையசைப்பு அவருக்கு எப்படியோ தெரிந்தது. சாயங்காலம் நுரை மீன் செதிலாக மினுங்கியது. அவளுக்கு அதைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல் இருந்தது.

சனிக்கிழமை காசிலிங்கம் பரிசோதனைச் சீட்டோடு வந்தார். எண்பத்தாறு. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு வந்ததில்லை. கூடவே தோள்பையோடு ஒரு ஆள் நின்றிருந்தார். கடலூர்ச் சுப்ரமணி. அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, வரச்சொன்னார்கள், வந்தார்.

"நல்ல வேல பண்ணிருக்கீங்க" என்றார் காசிலிங்கம். "அரவையிலதான் கோளாறுன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே தொட்டிய யாரு வேணா ஓட்டலாம். சுப்ரமணி, நீங்க ஏறிக்குங்க. தையலு, இன்னிக்கி இவருக்குக் காட்டிக் குடுத்துடு."

கண்டுபிடித்துக் கொடுத்தவளுக்குக் கிடைத்த மரியாதை இதுதான். தையல்நாயகி நகரவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் போவமாட்டேன் சார்" என்றாள். சத்தம் கொஞ்சமாகத்தான் வந்தது.

காசிலிங்கம் கேட்காதவர் போல மிஷின் பக்கம் திரும்பினார். "ராஜாங்கம், சுப்ரமணி சொல்றப்ப நிறுத்துங்க."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுப்ரமணி தொட்டியருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேற்றைய கணக்குப்படி நாற்பது நிமிஷம் ஆனதும், "நிறுத்துங்கண்ணே" என்றார். ராஜாங்கத்தின் கை சுவிட்சின்மேல் இருந்தது. அசையவில்லை.

"நிறுத்துங்க!" என்று காசிலிங்கம் கத்தினார்.

"இருங்க முசே" என்றார் ராஜாங்கம். மேலதிகாரிகளை முசே என்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே மில்லில் இருந்த வழக்கம், அவரைவிட்டுப் போகவில்லை. "இன்னிக்கி வந்தது புது லாரிக் கல்லு. இதுக்குக் கடியாரம் ஒதவாது."

பிறகு அவர் திரும்பினார். பக்கிரி பக்கம் இல்லை. சுவர்ப் பக்கமும் இல்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பி பெண்டாட்டியின் முகத்தை நேராகப் பார்த்தார். எல்லார் எதிரிலும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"தையல்நாயகி! சத்தம் அடங்கற மாதிரி இருக்குது. நிறுத்தட்டுமா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் இது அழுகிற நேரம் இல்லை. போய், பீப்பாய் சுற்றினாலும் சுற்றாத அச்சு முனையில் மாதிரி பார்க்க வைத்திருந்த சின்னக் குழாயைத் திறந்து கொஞ்சம் குழம்பை உள்ளங்கையில் பிடித்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். செதிலின் முதுகில் இன்னும் கல் இருந்தது.

"இன்னும் பத்து நிமிசம் ஓடட்டும் மாமா."

ராஜாங்கம் சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். காசிலிங்கம் அவரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், கையிலிருந்த சீட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். சுப்ரமணி கீழே வைத்திருந்த தோள்பையைத் தாமே எடுத்து மாட்டிக்கொண்டார். மிஷின் இன்னும் பத்து நிமிஷம் ஓடியது.